நம் ஊர்க் கையேடு இந்த ஊர் வானத்துக்கு ஒத்துவரவில்லை: அக்டோபர் முகாமுக்கு மகளை எப்படிப் பழக்குவது?

திருச்சி_மலர் (ரிசர்வாயர் ஹில்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது. இந்த வருடம் சின்னப் பிள்ளைகள் பிரிவான கப்ஸிலிருந்து சாரணர் படைக்கு ஏறிவிட்டாள். அக்டோபர் விடுமுறையில் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் முகாம். ஒரு நாள் முழுக்க வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அணி அணியாக வழி கண்டுபிடித்து நடக்க வேண்டுமாம். அதற்குள் பழகிவரச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: முடிச்சு, கட்டு, திசை, டென்ட், அடுப்பு, முதலுதவி, இன்னும் சில.

நான் திருச்சியில் பள்ளிக்கூடத்தில் சாரணியராக இருந்தவள். அந்தக் காலத்துக் கையேடு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து உட்கார்ந்தால் பாதிக்குப் பாதி தகராறு. புத்தகம் துருவ நட்சத்திரத்தைப் பார் என்கிறது. இவளோ "அது இங்கே என்றைக்குமே எழும்பாதும்மா" என்கிறாள். கைக்கடிகாரத்தை வைத்துத் தெற்கு கண்டுபிடிக்கும் வழியை ஒரு காலை ஒன்பது மணிக்குச் செய்துபார்த்தோம். தெற்கு என்று வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தால் நேராகக் கிழக்கே இருக்கும் கடல்!

இதில் எதெல்லாம் இந்த நாட்டுக்குச் செல்லும், எதெல்லாம் செல்லாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் எங்கே, எப்படிப் பழக்குவது என்றும் சொன்னால் நல்லது. எங்கள் கொல்லை சரிவான இடம், போதாததற்குக் குரங்குத் தொல்லை வேறு.

---

குமார்_லெனேசியா (ஜோகன்னஸ்பர்க்)

போனில் மேப் இருக்கிறது, பவர்பேங்க் இருக்கிறது. இந்தக் காலத்தில் கடிகார முள்ளை வைத்து யார் திசை பார்க்கிறார்கள்? பிள்ளையை ஜாலியாகப் போய்வரச் சொல்லுங்கள் அக்கா.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார் (நார்த்டேல்)

மலர் அம்மா, உங்கள் கையேட்டில் பிழை ஒன்றும் இல்லை. நீங்கள் பூமத்திய ரேகையைத் தாண்டி வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் பல வருடமாக ஒரு படைக்குத் துணைத்தலைவர். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர் வருடத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவார்கள்.

முதலில் சூரியன். நம் ஊரில் கோடையில் சில நாள் உச்சந்தலைக்கு மேலே வரும், மற்ற காலத்தில் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கும். இங்கே டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் வருடம் 365 நாளும் நண்பகல் சூரியன் வடக்கே. நிழல் தெற்கே விழும். அதனால் கடிகார வழியும் மாறும். அங்கே சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு என்பீர்கள். இங்கே 12-ஐச் சூரியனுக்கு நேரே பிடியுங்கள். 12-க்கும் சின்ன முள்ளுக்கும் நடுவே வடக்கு. அதே காலை ஒன்பது மணிக்கு மறுபடி செய்து பாருங்கள், கடல் வலது கைப்பக்கம் வந்து நிற்கும்.

குச்சி நிழல் வழிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தரையில் குச்சி நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல். கால் மணி கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. திருச்சியிலும் அதுதான், டர்பனிலும் அதுதான். முதல் கல்லை இடது காலடியிலும் இரண்டாவதை வலது காலடியிலும் வைத்து நின்றால் முகம் வடக்கு பார்க்கும். குழந்தைக்கு முதலில் இதைக் கொடுங்கள். எங்கு போனாலும் கைகொடுக்கும்.

இனிமேல்தான் பெரிய விஷயம். திசைகாட்டி. திருச்சிப் பக்கம் காந்த வடக்கும் வரைபட வடக்கும் ஓரிரு டிகிரிதான் விலகியிருக்கும், அதனால் பள்ளிச் சாரணருக்கு யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இங்கே நம் பக்கத்தில் முள் ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே காட்டுகிறது. உலகத்தில் ஆள் நடமாடும் இடங்களில் இவ்வளவு விலகல் உள்ளவை குறைவு. 25 டிகிரியை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் நேராக நடந்தால், போக வேண்டிய இடத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். மலையில் 400 மீட்டர் என்பது வேறு பள்ளத்தாக்கு.

கணக்கு எளிது. வரைபடத்தில் அளந்த கோணத்தோடு 25 கூட்டு. வரைபடம் 90 என்றால் திசைகாட்டியில் 115 வைத்து நட. காட்டிலிருந்து வரைபடத்துக்கு வரும்போது கழி. இந்த எண் வருடா வருடம் கொஞ்சம் மாறும். அரசு அச்சிடும் 1:50 000 வரைபடத்தின் ஓரத்தில் எந்த வருடத்தில் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று போட்டிருக்கும். அந்த வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று.

இன்னொன்று. ஐரோப்பாவிலிருந்து யாராவது வாங்கி வந்த திசைகாட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். வடக்கு நாடுகளுக்கென்று சமன்செய்த முள் இங்கே ஒரு பக்கம் சாய்ந்து அடியில் உரசும். வாங்கும்போது தென் பாதிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள்.

குமார் தம்பிக்கு: பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் போகும். போன் இருக்கட்டும், பையின் அடியில், அணைத்து வைத்து.

---

கேப்_நடையன் (கேப் டவுன்)

வாத்தியார் சொன்ன கடிகார வழியில் ஒரு சேர்க்கை. தென்னாப்பிரிக்க நேரம் 30 டிகிரி கிழக்கு ரேகைக்கு வைத்தது. டர்பன் 31 டிகிரியில் இருப்பதால் உங்களுக்குக் கடிகாரமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். எங்களுக்கு முக்கால் மணி வித்தியாசம், உச்சிப் பொழுது பன்னிரண்டே முக்கால் வாக்கில்தான். கேப்பில் அதைக் கழித்துக்கொள்ளாவிட்டால் கோணம் பத்து டிகிரிக்கு மேல் போய்விடும்.

---

குமார்_லெனேசியா

சரி வாத்தியாரே, திசைகாட்டியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிச்சு? கேபிள் டை இருக்கும்போது பிள்ளைகளை எட்டு வகை முடிச்சு போட வைப்பது வீண். பழைய கப்பல்காரன் வேலை.

---

ஃபீனிக்ஸ்_அம்சா (ஃபீனிக்ஸ்)

கேபிள் டையை அவிழ்த்துத் திரும்பக் கட்ட முடியுமா தம்பி? காற்றடிக்கும்போது டென்ட் கயிற்றை இறுக்கித் தளர்த்த முடியுமா? வெட்டி எறிந்துவிட்டு வந்த பிளாஸ்டிக்கை முகாம் முழுக்கப் பொறுக்கியவள் சொல்கிறேன்.

மலர், என் இரண்டு பிள்ளைகளும் சாரணர்கள். முடிச்சை மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதெல்லாம் மறுவாரமே மறந்தது. வேலையோடு கற்றதுதான் நின்றது. வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும்போது, கம்பில் சுற்றிப் போடும் கிளவ் ஹிட்ச். துணிக்கொடி கட்ட ஒரு பக்கம் இறுகாத வளையமாக நிற்கும் போலைன், மறுபக்கம் டாட்-லைன். கொடி தொய்ந்தால் அந்த முடிச்சைத் தள்ளினாலே இறுகும், அவிழ்க்க வேண்டாம். டென்டின் கயிற்றுக்கும் அதேதான். கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டினால் ரவுண்ட் டர்ன் போட்டு இரண்டு ஹாஃப் ஹிட்ச்.

பெண்பிள்ளை பூத்தொடுக்கத் தெரிந்தவளா? அப்படியென்றால் கிளவ் ஹிட்ச் பாதி வந்துவிட்டது. விரலில் நூலைத் திருப்பிக் காம்பில் மாட்டி இழுக்கும் அந்தச் சுருக்கை இரண்டு முறை ஒரே பக்கமாகப் போட்டால் அதுதான். என் மகள் இதைத் தன் அணியில் சொல்லிக்கொடுத்து, பையன்களெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க நூலும் புல்லுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முனையை மாற்றி மாற்றி முடியும் ரீஃப் நாட் முடிச்சைக் கட்டுத்துணிக்கும் பொட்டலத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கயிற்றைச் சேர்த்து அதில் ஆளோ பாரமோ தொங்க விட்டால் புரண்டு அவிழும். சேர்ப்பதற்கு ஷீட் பெண்ட்.

---

சாட்ஸ்வர்த்_தாத்தா (சாட்ஸ்வர்த்)

பிள்ளைகளே, கிழவன் எழுதுவதைப் பொறுத்துப் படியுங்கள், பேரன் தட்டித் தருகிறான்.

நான் சாரணனாக இருந்த காலத்தில் எங்களுக்குத் தனிப் படை. 1936-இல் இந்த நாட்டில் இயக்கத்தை நாலாகப் பிரித்தார்கள்: வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பின மக்களுக்குப் பாத்ஃபைண்டர் என்று ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. 1977-இல்தான் ஒன்றாகச் சேர்ந்தது. இத்தனைக்கும் சாரணர் கதையே இந்த மண்ணில் தொடங்கியது. 1899 அக்டோபரிலிருந்து 1900 மே வரை போயர் போரில் 217 நாள் நடந்த மஃபெகிங் ஊர் முற்றுகையில் பையன்களைச் செய்தி கொண்டுபோக வைத்தார்கள். கழுதையில் போனார்கள், பிறகு சைக்கிளில். அதைப் பார்த்துத்தான் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு யோசனை வந்தது என்பார்கள். பயிற்சி பெற்ற தலைவர்கள் கழுத்தில் போடுகிறார்களே மரமணி, அதுவும் ஜூலு அரசர் தினுசுலுவின் மாலையிலிருந்து வந்தது. அது பேடன் பவல் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

எங்களுக்கு நல்ல முகாம் இடம் கிடைக்காது. டென்ட் கிடையாது, தார்ப்பாய்தான். நிறவெறி ஆட்சியில் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்ட பிறகு பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடுவோம். ஆனால் வானம் எல்லாருக்கும் ஒன்றுதானே, அதை நன்றாகப் படித்தோம்.

மலர் மகளே, திரிசங்கு என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்களே, அதே தென்சிலுவைதான் உங்களுக்கு இனி வழி. நீளவாட்டத்தில் மேல் நட்சத்திரத்திலிருந்து அடி நட்சத்திரம் வரை எவ்வளவோ, அதைப்போல் நாலரை மடங்கு அதே நேர்க்கோட்டில் நீட்டு. அங்கே நட்சத்திரம் ஒன்றும் பளிச்சென்று இருக்காது, அதுதான் தென்துருவம். அங்கிருந்து செங்குத்தாகத் தரைக்கு இறங்கினால் தெற்கு. நேட்டாலில் அந்தப் புள்ளி அடிவானத்துக்கு மேலே 30 டிகிரி உயரத்தில் நிற்கும், கையை நீட்டி முட்டி மேல் முட்டி மூன்று வைத்தால் சரியாக இருக்கும்.

பக்கத்தில் பொய்ச்சிலுவை ஒன்று உண்டு. அசல் சிலுவைக்கு அருகே இரண்டு பெரிய நட்சத்திரம் கைகாட்டி மாதிரி நிற்கும், பொய்யானதற்கு நிற்காது. அதைப் பார்க்காமல் நடக்காதே.

இன்னொரு சேதி, இதைப் புத்தகத்தில் அடிக்கோடு போடு. இப்போது ஜூன் மாதம், இருட்டியதும் சிலுவை நல்ல உயரத்தில் நிற்கிறது. பழகுவதற்கு இதுதான் சமயம். அக்டோபரில் சாயங்காலம் அது தென்மேற்கே தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், பர்க்கில், அதாவது டிராகன்ஸ்பர்க்கில், மேற்கே மலைச் சுவர் என்பதால் கண்ணிலேயே படாமல் போகலாம். அப்போது தென்கிழக்கே அகர்னார் என்ற தனி நட்சத்திரம் ஏறிக்கொண்டிருக்கும். சிலுவைப் பக்கத்துக்கும் அதற்கும் நடுவாகப் பார்த்தால் தெற்கு, கிட்டத்தட்ட. பிள்ளைக்கு இரண்டையும் காட்டு.

---

திருச்சி_மலர்

தாத்தா, நேற்று ராத்திரி மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன மூன்று முட்டிக்கு மேலே ஒன்றும் இல்லாத கறுப்பு வானம்தான். "அதுதான் துருவமா, பாவம்" என்றாள். நன்றி.

அடுப்பு பற்றியும் சொல்லுங்கள். விறகு அடுப்பு பழக்கலாமா?

---

டோங்காட்_ரவி (டோங்காட்)

கண்டிப்பாக. நெருப்பு மூட்டத் தெரியாத பிள்ளை சாரணனே இல்லை. மூன்று கால் இரும்புப் பானையில் சமைத்தால்தான் முகாம். வாட்டில் மரம் காய்ந்தது கிடைத்தால் நின்று எரியும்.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

ரவி, வாட்டில் நல்ல விறகு, ஒத்துக்கொள்கிறேன். வெட்டினால் நாட்டுக்கும் நல்லது, அந்நிய மரம். ஆனால் டிராகன்ஸ்பர்க் பூங்காவுக்குள் நடைபயணத்தில் திறந்த நெருப்புக்கே அனுமதி கிடையாது. குளிர்காலம் முடிந்து முதல் மழை வருமுன் புல் முழுக்கக் காய்ந்திருக்கும், உள்நாட்டிலிருந்து வெப்பமான பர்க் காற்று இறங்கும்போது ஒரு பொறி போதும். அதனால் அக்டோபர் முகாமுக்கு நிச்சயம் கேஸ் அடுப்புதான் பழக்க வேண்டும்.

கேஸில் பார்க்க வேண்டியது: ஒருபோதும் டென்டுக்குள் ஏற்றக்கூடாது. மழை பெய்தாலும், குளிர் நடுக்கினாலும். அந்தப் புகையில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும். அப்புறம், வெறும் பியூட்டேன் உருளை உறைநிலைக்கு அருகே வந்தால் ஆவியாகாது. காலையில் அடுப்பு பற்றாமல் முழிப்பார்கள். ராத்திரி உருளையைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகும், அல்லது புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள்.

அக்டோபரில் என்ன குளிர் என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21-இல் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலையில் பனி கொட்டி, வண்டிகள் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நம் ஆட்களே எத்தனை பேர் அதில். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், தரைதான் சூட்டை உறிஞ்சும். பருத்தித் துணி நனைந்தால் காயாது, கம்பளியோ ஃபிளீஸோ எடுங்கள்.

---

ஃபீனிக்ஸ்_அம்சா

விறகு நெருப்பு பழக இடம் இல்லை என்று யார் சொன்னது? ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பெரிய பானைகளை ஏற்றுகிறார்களே, அங்கே பெரியவர்களோடு நிறுத்துங்கள். என் மாமியார் எந்த முகாமுக்கும் போனதில்லை. ஆனால் சுள்ளியை எப்படி அடுக்குவது, காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் எப்படி வாய் விடுவது, எப்போது பெரிய கட்டையை வைப்பது, எப்போது இழுத்துத் தணிப்பது எல்லாம் அவர் கையில் இருக்கும். என் மகன் சாரணர் படையில் கற்றதைவிட அங்கே கற்றது அதிகம். கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் நகர்வார்.

மரம் தெரியாமல் விறகு பொறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரளி நமக்குத் தெரியும், பூஜைக்குப் பறிக்கிறோம். அதன் குச்சியில் மாஷ்மெலோ குத்திச் சுடக் கூடாது. இங்கே தம்போட்டி என்று ஒரு மரம் இருக்கிறது, வடக்கு ஜூலுலாந்துப் பக்கம் நிறைய. வாசனையான மரம், ஆனால் அதன் நெருப்பில் கறி சுட்டுத் தின்றால் வயிறு பிடுங்கிக்கொள்ளும்.

---

திருச்சி_மலர்

இப்போது பயங்கள். என் மாமியார் இரண்டு கேட்கிறார். ஒன்று, ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளையை ஏன் அனுப்புகிறாய்? இரண்டு, பாம்பு. எனக்கு மூன்றாவது ஒன்று: இடி. டிராகன்ஸ்பர்க்கில் இடி விழுந்து இறந்தவர்கள் பற்றிப் படித்திருக்கிறேன்.

---

ஃபீனிக்ஸ்_அம்சா

முதலாவதற்கு நான். நம் ஊரில் சாரணர், சாரணியர் என்று தனித்தனிப் படை. இங்கே ஒரே படையில் இருபாலரும் இருப்பார்கள், ஆனால் தூங்கும் டென்ட் தனித்தனி. பெரியவர் யார் யார் கூடப் போகிறார்கள், அதில் பெண் உண்டா, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்க விடுகிறார்களா என்று தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல தலைவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அனுப்பாதீர்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

பாம்பு: உங்கள் ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில், சாட்ஸ்வர்த் வீடுகளிலேயே கருப்பு மாம்பாவைப் பிடித்துக் கொண்டுபோகிறார்கள். மலையில் அது இல்லை, அவ்வளவு குளிர் அதற்கு ஒத்துவராது. அங்கே பஃப் ஆடர் என்ற விரியன்தான் கவனம். நகராது, வழியிலேயே கிடக்கும், மிதித்தால் கடிக்கும். பார்த்து நடப்பது, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பது, காலையில் ஷூவை உதறிப் போடுவது. கடற்கரைப் பக்கத்து முகாம்களில் துப்பும் நாகம் ராத்திரி தூங்குகிறவரைக் கடிக்கும் கதை உண்டு, அதனால் டென்ட் ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். கடித்தால்: கீறாதே, உறிஞ்சாதே, கயிறு கட்டி ரத்தத்தை நிறுத்தாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போ. செல்லிலிருந்து 112, ஆம்புலன்ஸ் 10177. இந்த இரண்டு எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

உண்ணி பாம்பைவிட அடிக்கடி வரும் தொல்லை. சாயங்காலம் உடம்பைத் தடவிப் பார்த்து, தோலோடு ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சி, வாஸ்லின் எல்லாம் வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கறுத்த பொருக்கும் வந்தால் டாக்டரிடம் முகாம் போனதைச் சொல்லுங்கள்.

இடிக்கு உங்கள் பயம் நியாயமானது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை பர்க்கில் மதியத்துக்கு மேல் மேகம் கட்டுவது வழக்கம். அதனால் சட்டம் ஒன்றுதான்: விடிந்ததும் கிளம்பு, மதியத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கு. மணி இரண்டுக்கு முகட்டில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று யோசிக்க நல்ல பதில் கிடையாது. நடைக்கான நேரத்தை வரைபடத்திலேயே கணக்கிடலாம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அது பெரிய ஆளுக்கு. பிள்ளைகளுக்கு அதில் பாதியாவது கூட்டுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் வந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி வரை வெளியே வரக் கூடாது. கட்டிடமோ காரோதான் பாதுகாப்பு.

---

டோங்காட்_ரவி

கட்டிடம் இல்லாவிட்டால் பாறைப் பொந்தில் ஒதுங்கலாம். இந்த நாட்டுப் பழங்குடிகளான சான் மக்கள் ஓவியம் வரைந்த பொந்துகள் எல்லாம் அதற்குத்தானே.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

மழைக்கு ஒதுங்கலாம் ரவி, மின்னலுக்கு வேண்டாம். ஆழமில்லாத பாறை நிழலில் மின்சாரம் பாறை விளிம்பிலிருந்து தரைக்கு ஆளின் வழியாகத் தாவும். தனி மரத்தடியும் அப்படித்தான். டென்டும் ஒன்றும் காப்பாற்றாது. வேறு வழியே இல்லையென்றால் பள்ளமான இடத்தில், ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி, பையின் மேல் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக் குந்தி உட்கார வேண்டும். படுக்கக் கூடாது. ஓவியம் உள்ள இடங்களில் நெருப்பும் முகாமும் எப்படியும் கூடாது.

கிளம்புமுன் பூங்கா வாசலில் மலைப் பதிவேட்டில் எல்லார் பெயரும், போகும் வழியும், திரும்பும் நேரமும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். தேடிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் ஆதாரம். பிள்ளை கழுத்தில் ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்து, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதல்.

---

கேப்_நடையன்

தண்ணீரையும் சொல்லிவிடுங்கள். பர்க் மேலே ஓடும் ஓடைக்கும் டர்பன் சுற்றுவட்டார ஆற்றுக்கும் ஒரே விதி இல்லை.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

ஆமாம். தாழ்வான, வெதுவெதுப்பான ஆறுகளில் நத்தை வழியாக பில்ஹார்சியா என்ற புழு நோய். குடிக்காவிட்டாலும் இறங்கி நின்றாலே தோல் வழியாக ஏறும். ஆகவே அங்கே குளிக்க விடாதீர்கள். மலையில் அந்தக் கவலை இல்லை, ஆனாலும் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். தளதளவென்று ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம்.

---

சாட்ஸ்வர்த்_தாத்தா

முதலுதவிக்கு நான் ஒன்று சொல்கிறேன். இரண்டு கம்பு, இரண்டு சட்டை. சட்டையைப் பித்தான் போட்டபடி உள்புறம் திருப்பி, கைகளின் வழியாகக் கம்பைச் செருகினால் தூக்குப் படுக்கை. கம்பளி இருந்தால் அதை மடித்தும் செய்யலாம். இதைச் செய்யக் கற்றது பெரிதில்லை. அதில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து நாலு பேர் மேடு பள்ளத்தில் தூக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும், நூறு அடியில் கை விட்டுப்போகும், குட்டையும் நெட்டையும் சேர்ந்தால் ஆள் சரிவார் என்று.

அதே போயர் போரில், 1900 ஜனவரியில் ஸ்பியோன் கோப் மலைச் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கியது நம் ஆட்கள். காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் 1100 பேர் வரை இருந்தார்கள், அதில் 800 பேர் போல ஒப்பந்தக் கூலிகள். ஒரு நாளில் 20, 25 மைல் தூக்கு. அந்த மலை லேடிஸ்மித்திலிருந்து பர்க் போகும் வழியில்தான் இருக்கிறது. முகாமுக்குப் போகும் வண்டியை அந்த வழியாக விடச் சொல்லு, பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும்.

---

குமார்_லெனேசியா

இத்தனையும் அம்மா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் படைத்தலைவருக்கு என்ன வேலை? கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

நல்ல கேள்வி. என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. வீட்டில் எல்லாவற்றையும் கற்றுவிட்டு வரும் பிள்ளை அணியில் இடைஞ்சல். அணித்தலைவிக்கு 15 வயது, அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும், இவள் கேட்க வேண்டும். தலைவி தப்பாகச் சொன்னால் எல்லாருமாகத் தப்பான பள்ளத்தில் இறங்கி, வரைபடத்தைத் திருப்பிப் பார்த்து ஏறி வர வேண்டும். நாங்கள் பெரியவர்கள் இருநூறு அடி பின்னால் வாயை மூடிக்கொண்டு வருவோம். ஆபத்து என்றால் மட்டும் வாய் திறப்போம். வீட்டில் தர வேண்டியது கைப்பழக்கம்: முடிச்சு, டென்ட், அடுப்பு, தன் பையைத் தானே கட்டுவது. வழி கண்டுபிடிப்பதை அணிக்கு விடுங்கள்.

---

ஃபீனிக்ஸ்_அம்சா

இதில் மட்டும் வாத்தியாரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆண்பிள்ளைகள் நிறைந்த அணியில் திசைகாட்டி எப்போதும் பெரிய பையன் கையிலேயே இருக்கும், பெண்பிள்ளைக்கு அடுப்பைக் கொடுப்பார்கள். என் மகளுக்கு அதுதான் நடந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் "கொடு, நான் பார்க்கிறேன்" என்று கேட்டு வாங்கினாள். மலர், நீங்கள் 25 டிகிரியைக் கற்றுக்கொடுத்தே அனுப்புங்கள்.

---

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

அம்சா சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் படையில் திசைகாட்டி மணிக்கு ஒரு கை மாறும் என்று விதி வைத்திருக்கிறோம், அதே காரணத்துக்குத்தான். எல்லாப் படையிலும் அப்படி இல்லை.

---

திருச்சி_மலர்

சில்வர்கிளென் காட்டுக்கு வரைபடத்தோடு போய்வந்தோம். திசைகாட்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன். கூட்டுவதா கழிப்பதா என்று நடுவழியில் நின்று அவளும் அவள் அப்பாவும் சண்டை. அவள் சொன்னதுதான் சரி. வழியில் குரங்கு ரொட்டியைத் தூக்கிப் போய்விட்டது. அதற்கு என்ன செய்வது என்று இங்கே யாரும் சொல்லவில்லையே?

கடைசியாக ஒரு சந்தேகம். பழகுவதற்கு எந்தக் கயிறு வாங்க? கடையில் வழுவழுவென்று நைலான்தான் இருக்கிறது.

---

டோங்காட்_ரவி

குரங்குக்கு மருந்து கிடையாது அக்கா. சாப்பாட்டைக் காரின் டிக்கியில் பூட்டுங்கள். மரத்தில் தொங்கவிட்டால் அவர்களுக்குப் பந்தி பரிமாறின மாதிரி.

---

ஃபீனிக்ஸ்_அம்சா

நைலான் வேண்டாம், பழகும் கையில் முடிச்சு வழுக்கி அவிழும். ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் சைசல் அல்லது பருத்திக் கயிறு கேளுங்கள். மூன்று மீட்டரில் இரண்டு துண்டு, வேறு வேறு நிறமாக இருந்தால் எது எதன் மேல் போகிறது என்று பார்க்க எளிது. முனை பிரியாமல் நூல் சுற்றிக் கட்டிவிடுங்கள். அதையும் அவளையே செய்யச் சொல்லுங்கள், பட்டியலில் அதுவும் இருக்கும்.

---

திருச்சி_மலர்

இருக்கிறது, ஏழாவது வரி. சனிக்கிழமை வாங்கிவிடுகிறேன்.